காரா பிஸ்கட்டில் ஓமம் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் நலம் என்று எப்போதும் எழுதுகிற அந்த முதல் வரியில் இந்தத் தடவை பேனா நின்றுவிட்டது. அதை எழுதினால் முழுப் பொய் ஆகாது, முழு உண்மையும் ஆகாது. அதனால் அதை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன். நலமா இல்லையா என்று படித்து முடித்தபின் நீயே சொல். நம் சபையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எதிர்பார்த்தது கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லும் சாட்சி மாதிரி ஏதாவது இருக்கும். நான் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். ஏன் ஊருக்கு முன்னால் எழுதுகிறாய் என்று நீ கோபப்படுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவாய் என்று எனக்குச் சந்தேகம். அச்சில் வந்துவிட்டால், நீ ஊருக்கு வரும்போது கோயில் வாசலில் நாலு பேர் உன்னைப் பிடித்து, அம்மாவுக்கு என்னப்பா பதில் சொன்னாய் என்று கேட்பார்கள். எனக்கும் அதே கதிதான். அச்சில் வந்தபின் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்க முடியாது. என்னையே நான் அவ்வளவாக நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது பால் பாத்திரம் தீய்ந்து போனது ஞாபகம் இருக்கும். நான் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். நீ குளியலறையிலிருந்து தலையில் சோப்போடு ஓடி வந்து அடுப்பை அணைத்தாய். அப்புறம் துண்டைக் கட்டிக்கொண்டு சமையலறையிலேயே நின்று சொன்னாய்: “இன்னொரு தடவ இப்டி ஏதாவது ஆச்சுன்னா நான் உங்கிட்ட கேட்டுட்டு இருக்க மாட்டேம்மா. வீட்டப் பூட்டிட்டு புனேவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்.” நீ குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. உன் அப்பாவும் ஒன்றை முடிவு செய்துவிட்டால் இப்படித்தான் தாழ்ந்த குரலில் பேசுவார். அன்றிலிருந்து நான் உன்னிடம் ஃபோனில் பேசும்போதெல்லாம் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி யோசித்து யோசித்துத்தான் பேசுகிறேன். கால் வலிக்கிறதா என்றால் இல்லை. தூக்கம் வருகிறதா என்றால் நன்றாக வருகிறது. புனேவில் உன் வீடு நன்றாகத்தான் இருக்கிறது, மருமகளும் தங்கமான பெண்தான். ஆனால் அங்கே காலையில் நான் யாரோடு சண்டை போடுவேன்? இங்கே பெங்களூர் காக்ஸ் டவுனில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

நீ ஊருக்குப் போன கொஞ்ச நாளில் ஒரு சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. ஒரு பெண், முன்னால் மாவு ஒட்டிய ஏப்ரன், கையில் நூல் கட்டிய பழுப்பு அட்டைப்பெட்டி. “உங்க மகன் ஆர்டர் போட்டிருக்காரு ஆன்ட்டி. எல்லா சனிக்கிழமையும் வரும்” என்றாள். பெயர் பவித்ரா என்றும், பின் தெருவில் அடுப்பு வைத்திருப்பதாகவும் சொன்னாள். நான் பெட்டியைக் கையில் வாங்கவில்லை, மேஜையில் வைக்கச் சொன்னேன். ஓமமும் மிளகும் போட்ட காரா பிஸ்கட், கறிவேப்பிலை ஒட்டிய கேழ்வரகுச் சீவல், எண்ணெயில் பொரிக்காமல் சுட்ட நிப்பட்டு என்கிற தட்டை, விரல் நீளத்துக்குச் சீஸ் குச்சி. பார்க்க லட்சணமாக இருந்தது. லட்சணமாக இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். பொம்மசந்திராவில் கம்பெனி ஸ்டோர்ஸில் உட்கார்ந்து, உள்ளே வருகிற சரக்கையெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்தே வயதானவள் நான். பெட்டி எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறதோ அவ்வளவு அடியில் கைவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அங்கே கற்றுக்கொண்டது.

முதலில் உன்மேல்தான் சந்தேகப்பட்டேன். என் பிறந்தநாளையே மருமகள் ஞாபகப்படுத்தினால்தான் ஃபோன் செய்கிற பிள்ளைக்கு, அம்மாவுக்கு வாரம் தவறாமல் நொறுக்குத்தீனி அனுப்ப வேண்டும் என்று திடீரென்று எப்படித் தோன்றியது? அப்புறம் அந்தப் பெண்மேல். பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே. போகமாட்டாள். என் தோளுக்கு மேலாக உள்ளே பார்ப்பாள். சாப்டீங்களா ஆன்ட்டி, மாத்திரை போட்டீங்களா, அந்த லைட் ஏன் எரியல என்று கேட்பாள். நம் வீட்டுக் கார் ஷெட்டை ஒரு பார்வை பார்ப்பாள். சரி, ஷெட்டை வாடகைக்குக் கேட்கத்தான் அடி போடுகிறாள் என்று முடிவு செய்தேன். விசாரித்தேன். ஜோகுபாளையத்துப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், பெரிய ஓட்டலில் பேக்கரிப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டு நம் பின் தெருவில் ஒரு கராஜை எடுத்துச் சொந்தமாக அடுப்பு வைத்திருக்கிறாள் என்றார்கள். நல்ல பெண் என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். ஒருத்தர்கூட ஒரு குறைகூடச் சொல்லாதது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த பிஸ்கட். முதல் பெட்டியைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டேன். உப்பு இருந்தது. நாக்கில் காரம் சுர்ரென்று ஏறியது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கே? ஓமம் கண்ணுக்குத் தெரிகிறது, வாய்க்குத் தெரியவில்லை. கறிவேப்பிலை பச்சையாக ஒட்டிக்கொண்டு இருக்கிறது, அது வெறும் இலை. வெண்ணெய் என்று பெட்டிமேல் எழுதியிருக்கிறது, அட்டையைச் சுட்டுத் தின்ற மாதிரி இருந்தது. ஓமத்தண்ணீர் காய்ச்சி வடிகட்டிய சக்கையை யாரோ இந்தப் பெண்ணுக்கு மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள், அவள் அதைப் பிஸ்கட்டில் போட்டு நம் தலையில் கட்டுகிறாள் என்று கண்டுபிடித்தேன். இப்படி ஒரு மோசடி இருக்கிறதா என்று கேட்காதே. இருக்கும். உன்னிடம் ஃபோனில் சொன்னபோது எல்லாரும் நல்லா இருக்குன்னுதானேம்மா சொல்றாங்க என்று இழுத்தாய். பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு தட்டு முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, ஓமம் தூக்கலாக இருக்கிறது, அஜீரணத்துக்கு நல்லது என்றார். ஓசியில் கிடைப்பது எதுவானாலும் அவருக்குத் தூக்கலாகத்தான் இருக்கும் என்று அவரையும் என் கணக்கிலிருந்து தள்ளிவிட்டேன்.

வாரா வாரம் நான் அந்தப் பெண்ணிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தேன். வெண்ணெய் குறைச்சல், ஓமம் பழசு, கறிவேப்பிலை எந்தக் கடையில் வாங்குகிறாய். அவள் எதிர்த்துப் பேசமாட்டாள். அடுத்த வாரம் ஓமத்தைக் கூட்டிப் போட்டுக் கொண்டுவருவாள். நான் கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவேன். ஒரு தடவை, உங்களுக்கு எந்த மாதிரி வேணும்னு சொல்லுங்க ஆன்ட்டி, அப்டியே பண்ணித் தரேன் என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டாள். பிஸ்கட் மாதிரி வேண்டும் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. அன்று மத்தியானம் முழுக்க எனக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆனால் உறுத்தினாலும் சந்தேகம் போகவில்லை.

அப்போதுதான் நம் பழைய கிறிஸ்துமஸ் வழக்கம் நினைவுக்கு வந்தது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது டிசம்பர் பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்து வீடுகளில் யாரும் பேக்கரியில் பிஸ்கட் வாங்கமாட்டார்கள். மைதா, வெண்ணெய், ஓமம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போவோம். பிசைவதும் சுடுவதும் மாஸ்டர் வேலை, பொருள் நம்முடையது. வீட்டிலிருந்து ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நம் வெண்ணெய் நம் மாவுக்குள்தான் போகிறதா, இடையில் டால்டாவாக மாறுகிறதா என்று கண்காணிக்க. மற்றவர்கள் ஒரு பேச்சுக்கு உட்கார்ந்துவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். நான் கண்ணை எடுக்கமாட்டேன். நீ என் பக்கத்தில் ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டு இருப்பாய். விறகு அடுப்பின் சூட்டில் உன் கன்னம் சிவந்துபோகும்.

ஒரு வருஷம் மாஸ்டர் தட்டை மாற்றிவிடுவாரோ என்று பயந்து, அவர் திரும்பிய நேரம் பார்த்து, நம் தட்டிலிருந்த பிஸ்கட் ஒன்றின் அடியில் ஒரு கிராம்பைக் குத்திவைத்தேன். நம் தட்டுக்கு அடையாளம். வீட்டுக்கு வந்து அந்தக் கிராம்பைத் தேடி ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கையில், நீ ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு வாய் எரிகிறது என்று வீடு அதிர அழுதாய். கிராம்பு கிடைத்துவிட்டது, நம் தட்டுதான் என்று நான் சந்தோஷப்பட்டேன். உன் அப்பா உனக்குச் சர்க்கரையைக் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஒனக்கு சந்தேகம் இல்லாட்டி பசிக்கவே பசிக்காதுடி” என்றார். அவர் எந்தக் கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்கித் தின்றுவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்கிற மனிதர். அவரைக் கட்டிக்கொண்டு, நம் வீட்டுக்கு வேண்டிய சந்தேகம் முழுவதையும் நான் ஒருத்தியே பட வேண்டியிருந்தது.

அதனால் போன மாதம் ஒரு சனிக்கிழமை பவித்ரா வந்தபோது, என் பொருளை வைத்து என் கண்ணுக்கு முன்னால் சுட்டுத் தருவாயா என்று கேட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். “வாங்க ஆன்ட்டி. பொதன்கிழம ஓவன் ஃப்ரீயா இருக்கும்” என்றாள். உடனே ஒத்துக்கொண்டது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. புதன்கிழமைக்குள் நான் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போய்ப் புது ஓமம் வாங்கினேன். கடைக்காரர் கையில் தேய்த்து மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் கையை நான் ஏன் முகர வேண்டும் என்று தள்ளிவிட்டு, நிறத்தைப் பார்த்து வாங்கினேன். வெண்ணெய், மைதா, மிளகு, பச்சை மிளகாய், நம் தோட்டத்துக் கறிவேப்பிலை. தயிர்கூட வீட்டில் உறைய வைத்தது. பையை அவள் தூக்க வந்தபோதும் கொடுக்கவில்லை.

கராஜ் சின்னதுதான், ஆனால் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். நான் அதை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு போட்டு மாவில் உதிரியாகும்வரை விரல் நுனியால் தேய்த்தாள். ஓமத்தை உள்ளங்கையில் கசக்கிப் போட்டாள். நான் வாங்கிய ஓமம், நான் கொண்டுவந்த வெண்ணெய். ஒரு சிட்டிகைகூட வெளியே போகவில்லை, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை. தேய்த்து, வெட்டி, முள்கரண்டியால் குத்தி, தட்டில் அடுக்கி உள்ளே தள்ளினாள். நான் ஓவன் கண்ணாடிக்கு முன்னாலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, “பாத்தீங்களா ஆன்ட்டி, வாசன எப்டி தூக்குதுன்னு. இன்னும் கொஞ்ச நேரந்தான்” என்றாள். நான் தலையை ஆட்டினேன். என்ன வாசனை என்று எனக்குத் தெரியவில்லை. கழுவுகிற சோப்பு வாசனையோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன். கராஜ் வாசலில் போய்க்கொண்டிருந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, என்னம்மா சுடறே, தெரு முழுக்க மணக்குது என்று கேட்டுவிட்டுப் போனார். அவரையும் இவளே ஏற்பாடு செய்திருப்பாளோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த அளவுக்குப் போய்விட்டிருந்தேன்.

தட்டு வெளியே வந்தது. ஆறும்வரை பொறுத்து, நானே கை வைத்து எடுத்து, நானே கடித்தேன். உப்பு. காரம். வேறு ஒன்றும் இல்லை. இரண்டாவது ஒன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. பல்லில் பொலபொலவென்று உதிர்ந்தது. டால்டா போட்டால் வாயின் மேல்புறத்தில் மெழுகு பூசின மாதிரி ஒட்டும், இதில் அது இல்லை. வெண்ணெய்தான். எனக்குத் தெரியும், நான்தான் கொண்டுவந்தேன். பவித்ராவும் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, செம்மயா இருக்கு ஆன்ட்டி, ஒங்க கறிவேப்பில வேற லெவல் என்றாள். நான் அவள் கையைப் பார்த்தேன், தட்டைப் பார்த்தேன், ஓவனைப் பார்த்தேன். குறை சொல்ல ஆள் வேண்டுமே. அந்த கராஜில் அவளைத் தவிர இருந்தது நான் ஒருத்திதான்.

என் முகத்தில் எதைப் பார்த்தாளோ தெரியவில்லை. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து என் மூக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். “இத மோந்து பாருங்க ஆன்ட்டி” என்றாள். டப்பா காலி என்றேன். அவள் சாய்த்துக் காட்டினாள். கட்டிப் பெருங்காயம். அப்புறம் காப்பித்தூள். அப்புறம் வெனிகர், அது மூக்கில் கொஞ்சம் எரிந்தது, அவ்வளவுதான். பெருங்காய டப்பாவை நானே வாங்கி மறுபடி மறுபடி இழுத்து முகர்ந்தேன். வெறும் காற்று. அவள் நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, பக்கத்தில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் எனக்கு ஒரு சளிக்காய்ச்சல் வந்து போனதே, வாசனை தெரிகிற சக்தி அப்போதே போயிருக்க வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார். இத்தனை மாதமாக எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. அப்போது கராஜில் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஈஸ்டர் பால் பாத்திரம். குளியலறைக்குள் இருந்த உனக்குத் தெரிந்தது, அடுத்த அறையில் இருந்த எனக்குத் தெரியவில்லை. டிவி சத்தத்தில் கவனிக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். பொய் என்று அப்போது எனக்கே தெரியாது.

உடனே அடுத்த நினைப்பு நீதான். உனக்குத் தெரிந்தால் வீட்டைப் பூட்டிவிடுவாய். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, இதை என் மகனிடம் சொல்லிவிடாதே என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, அவளுக்கும் உனக்கும் என்ன பேச்சு? ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நேராகக் கேட்டேன். அவளும் மறைக்கவில்லை. பெட்டியைக் கையில் கொடுக்க வேண்டும், யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது, கதவு திறந்தார்களா, ஆள் நன்றாக இருக்கிறார்களா, வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஒரு மெசேஜ் போட வேண்டும் என்று நீ கேட்டுக்கொண்டதாகச் சொன்னாள். என் பிள்ளை எனக்குக் காரா பிஸ்கட் அனுப்பவில்லை, ஆள் வைத்திருக்கிறான் என்று தெரிந்ததும் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? முதல் நாளே உன்மேல் சந்தேகப்பட்டேனே, அது சரியாகப் போனதில் அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

பவித்ரா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் பொய் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. கேட்டா சொல்லித்தான் ஆவணும். ஆனா ஒங்களுக்கு முந்திகிட்டு நான் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளைக்கு கதவு தொறந்தாங்கன்னு மட்டும் போடறேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க.” நான் மாதக்கணக்கில் திட்டியதற்கு அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். உங்க மூக்குலதான் கோளாறு என்று சொல்லி ஒரு சிரிப்பு சிரித்திருந்தால்கூட எனக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும். அவள் சுட்டதையெல்லாம் பெட்டியில் அடுக்கி, என் வீடுவரை தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். இந்தத் தடவை பையை அவளிடம் கொடுத்தேன். இதையெல்லாம் எழுதலாமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதுங்க ஆன்ட்டி, ஆனா பிஸ்கட் நல்லா இருக்கும்னும் ஒரு வரி போடுங்க என்றாள். நல்லா இருக்குமாம், மற்றவர்கள் சொல்கிறார்கள்.

இனி நான் உனக்குச் சொல்ல வேண்டியது. என்னைப் பற்றி உனக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேள். நான் மழுப்புவேன் என்று நீ நினைத்தது சரிதான், மழுப்பத்தான் செய்தேன். ஆனாலும் என்னிடம்தான் கேட்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீ கேட்பாய். நீ மைசூரில் ஹாஸ்டலில் இருந்தபோது, நீ சாப்பிடுகிறாயா, யாரோடு சுற்றுகிறாய் என்று மெஸ் சமையல்காரரிடம் நான் ஃபோன் போட்டு விசாரித்ததும், அது தெரிந்து நீ தசரா லீவுக்கு வீட்டுக்கே வராமல் இருந்ததும் எனக்கு மறக்கவில்லை. அப்பாதான் மைசூருக்கு வந்து உன்னைச் சமாதானப்படுத்தினார். அன்று உனக்கு எப்படி இருந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று நான் வெளியே தேட வேண்டியதில்லை. ஒருவரையும் சந்தேகப்படாதே என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். உன் வீட்டில் உன் பிள்ளைக்காக யாராவது ஒருவர் சந்தேகப்பட்டுத்தான் ஆக வேண்டும், மருமகளைப் பார்த்தால் உன் அப்பா மாதிரிதான் தெரிகிறது. ஆனால் ஆள் வைத்துப் பார்க்காதே. நாளைக்கு உன் பிள்ளையும் ஹாஸ்டலுக்குப் போவான்.

டாக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. திரும்பி வரலாம், வராமலும் போகலாம், இந்த வயதில் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். நான் வேறு டாக்டரையும் பார்த்தேன், அவரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொள்ள வாய்ப்பில்லை என்பதால் நம்பிவிட்டேன். கேஸ் கசிந்தால் கத்துகிற கருவியைச் சமையலறையில் மாட்டிவிட்டேன். அது வேலை செய்கிறதா என்று தினமும் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன், பக்கத்து வீட்டு மாமா தூக்கம் கெடுகிறது என்கிறார். அடுப்பு எரியும்போது நான் சமையலறையை விட்டு நகருவதில்லை. மீதமான சாப்பாட்டைப் பவித்ரா சனிக்கிழமை வந்து முகர்ந்து பார்த்துக் கொட்டச் சொன்னால் கொட்டுகிறேன். இவ்வளவையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். புனேவுக்கு வரச்சொல்லி நீ கேட்பாய். வரமாட்டேன் என்று அடித்துச் சொல்ல எனக்கு இப்போது பலம் இல்லை. ஆனால் உன் முடிவைக் குளியலறைத் துண்டோடு நின்று சொல்லாதே. என் பக்கத்தில் உட்கார்ந்து சொல், நானும் என் பக்கத்தைச் சொல்கிறேன். இந்த வீட்டில் இருக்க எனக்கு ஆசையாக இருக்கிறது, தம்பி. இதை நான் உன்னிடம் இதற்கு முன் இப்படி வெளிப்படையாகச் சொன்னதில்லை.

இந்த மாதம் முழுக்க நான் தெருத்தெருவாகப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காப்பித்தூளில் சிக்கரியை ஏற்றிவிட்டாய் என்று சண்டை போட்டுக் கடையை மாற்றியிருந்தேன். மல்லிகைப்பூ விற்கிறவளிடம் பழைய பூவைத் தண்ணீர் தெளித்துக் கொடுக்கிறாய் என்று சொல்லியிருந்தேன். மன்னிப்புக் கேட்டதும் அவள் ஒரு முழம் சும்மா கொடுத்து, இத வெச்சிட்டு தூங்குங்க அம்மா, காலைலயும் வாசன இருக்கும் என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன். எல்லாரும் பெரிய மனதோடு சிரித்து விட்டுவிட்டார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. நம் வீட்டு வேலைக்கு வரும் சாந்தி.

உன் அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டரை நான் துவைக்காமல் பீரோவில் வைத்திருந்தது உனக்குத் தெரியாது. அவர் போனபின் ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அவர் ஷேவ் செய்தபின் போடுகிற லோஷன், வெற்றிலைப் பாக்கு, கொஞ்சம் வியர்வை, எல்லாம் சேர்ந்து அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அடிக்கடி எடுத்தால் தீர்ந்துபோய்விடுமோ என்று எப்போதாவதுதான் எடுப்பேன். அவருடைய நினைவு நாளன்று எடுத்து முகத்தில் வைத்தேன். ஒன்றுமே இல்லை. கடையிலிருந்து புதிதாக வாங்கின துணி மாதிரி இருந்தது. சாந்திதான் எனக்குத் தெரியாமல் எடுத்துத் துவைத்துப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அவள் பீரோவைத் தொடவே இல்லை என்று பைபிள்மேல் கைவைத்துச் சொன்னாள். இந்துப் பெண், நம் பைபிள்மேல் சொன்னாள். நான் நம்பவில்லை. என் புருஷனை நீ துவைத்துவிட்டாய் என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே போனவள் வேலைக்கு வரவில்லை. இப்போது அவள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். கதவைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள். அப்புறம், “அப்ப அந்த வாசன இன்னும் அதுலயே இருக்குதாம்மா?” என்று கேட்டாள்.

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பவித்ராவைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லலாம், ஆனால் அவளுக்கு உன் அப்பாவைத் தெரியாது. சாந்திக்குத் தெரிந்தது அவர் நோயில் படுத்திருந்த அறையில் ஊற்றிய பினாயில்தான். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் நின்று போனவன் நீ ஒருவன்தான் மிச்சம். அதனால் நீ வா. வீட்டைப் பற்றியும் புனேவைப் பற்றியும் மறுநாள் சண்டை போடலாம், முதலில் பீரோவைத் திறந்து அதை முகர்ந்து பார். எனக்காகப் பொய் சொல்லாதே, உன் முகத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்துவிடுவேன். இல்லையென்றால் இல்லை என்று சொல். இருந்தால், என்ன என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொண்டே இரு.

உன் வரவை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா